கடனே வாங்காதவனுக்கு சிபில் எங்கிருந்து வரும்?

கொலுசுப் பட்டறை · செவ்வாய்ப்பேட்டை · 9 பிப்ரவரி 2025

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 43. அப்பா காலத்திலிருந்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை, இப்போது நான்கு பேர் வேலை செய்கிறார்கள். அப்பா மீட்டர் வட்டிக்கு வாங்கிப் பட்ட பாட்டைப் பள்ளிக்கூடப் பையனாக இருந்து பார்த்தவன் நான். வசூலுக்கு வருகிறவர் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார், அவர் எழுந்து போகும் வரை அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டார். அன்றைக்கு எடுத்த முடிவு, ஒரு பைசா கடன் கிடையாது என்று. வண்டி ரொக்கம், ஃபோன் ரொக்கம், தங்கை கல்யாணம்கூடச் சீட்டு எடுத்துத்தான் நடந்தது. வருமான வரிக் கணக்கு ஆறு வருடமாகப் போடுகிறேன், சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் இருக்கிறது.

இப்போது கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு வீடு அமைந்திருக்கிறது. விலை 26 லட்சம், கையில் 12. மீதிக்கு வீட்டுக் கடன் கேட்டு, பத்தொன்பது வருடமாகக் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கே போனேன். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு சிபில் ஸ்கோர் மைனஸ் 1 வருதுங்க." வாங்கிய கடனை எப்படித் திருப்பிக் கட்டுகிறோம் என்பதற்குப் போடும் மார்க்காம் அது.

கடன் வாங்காமல் இருப்பது குற்றமா என்று கேட்டேன். "குற்றம் இல்லைங்க, ஆனா உங்களைப் பத்தி எங்களுக்கு எதுவும் தெரியலையே" என்றார். பத்தொன்பது வருடம்! என் மகன் பிறந்ததற்கு அந்தக் கிளையில் மிட்டாய் கொடுத்திருக்கிறேன்.

கோபத்தில் அதே மாதம் இன்னும் இரண்டு இடங்களில் விண்ணப்பம் போட்டேன். ஒன்றில் பதிலே இல்லை. இன்னொன்றில், "சின்னதா ஒரு பர்சனல் லோன் வாங்கி ஆறு மாசம் கட்டிட்டு வாங்க" என்றார்கள். கடன் வேண்டுமென்றால் முதலில் கடன் வாங்க வேண்டுமாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஐந்துரோடு · சேலம் · 9 பிப்ரவரி 2025

நீச்சல் தெரிந்தால்தான் கிணற்றில் இறங்கவிடுவேன் என்கிற கதை. என் மச்சானுக்கு நாலு இடத்தில் பாக்கி, அவனுக்கு வாரம் இரண்டு தடவை ஃபோன் வருகிறது, "சார் உங்களுக்கு லோன் அப்ரூவ் ஆகியிருக்கு" என்று.


பித்தளை டோக்கன் · அழகாபுரம் · 10 பிப்ரவரி 2025

தம்பி, பதற வேண்டாம். நான் வங்கியில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன், பித்தளை டோக்கன் கொடுத்துப் பணம் வாங்கிய காலத்து ஆள்.

மைனஸ் 1 என்றால் கெட்ட பெயர் இல்லை, பெயரே இல்லை என்று அர்த்தம். ஸ்கோர் 300 முதல் 900 வரை. 520 வாங்கியவன் வேறு, நீங்கள் வேறு. பள்ளியில் பரீட்சை எழுதித் தோற்றவனையும், பரீட்சைக்கே வராதவனையும் ஒன்றாகப் போட மாட்டார்கள் இல்லையா, அது மாதிரி.

இந்த ஸ்கோரைப் போடும் கடன் தகவல் நிறுவனங்கள் நம் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஏடு வைத்திருக்கின்றன. அந்த ஏட்டில் என்ன ஏறும், என்ன ஏறாது என்பதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். உங்கள் சேமிப்புக் கணக்கு ஏறாது, வைப்புத் தொகை ஏறாது, வாடகை, கரண்ட் பில், எல்ஐசி பிரீமியம் எதுவும் ஏறாது. வருமானம் எவ்வளவு என்பதுகூட ஸ்கோரில் சேராது. 2005ஆம் வருடச் சட்டத்தின்படி வங்கிகளும் நிதி நிறுவனங்களும், கொடுத்த கடனையும் அது திரும்பி வந்த விதத்தையும் இந்தத் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. ஏட்டில் இருப்பது அவ்வளவுதான். ரிசர்வ் வங்கி உத்தரவால் இந்த ஜனவரியிலிருந்து 15ஆம் தேதியும் மாதக் கடைசியுமாக மாதம் இரண்டு முறை அனுப்புகிறார்கள்.

அப்புறம், நாம் எல்லாவற்றையும் சிபில் என்கிறோம். ஆனால் நாட்டில் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நான்கும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். இன்று இரவே நான்கையும் எடுங்கள். நீங்களே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. கடன் விண்ணப்பத்துக்காக வங்கி எடுத்துப் பார்ப்பதுதான் "விசாரணை" என்று பதிவாகும். ஒரே மாதத்தில் மூன்று இடம் ஏறி இறங்கியது சரியில்லை. இனி யாரிடமும் விண்ணப்பம் போடாதீர்கள்.

பர்சனல் லோன் யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.


கொலுசுப் பட்டறை · 10 பிப்ரவரி 2025

நன்றிங்க ஐயா. சீட்டும் ஏறாதா? 20 மாதச் சீட்டு, இரண்டாவது மாதமே எடுத்தேன். அதற்கப்புறம் 18 மாதம் ஒரு நாள் தவறாமல் கட்டியிருக்கிறேன்.


கடனில்லாக் கஞ்சி · ஓமலூர் · 10 பிப்ரவரி 2025

இரண்டாவது மாதம் சீட்டை எடுத்துவிட்டுப் பதினெட்டு மாதம் கட்டினால் அதற்குப் பெயர் கடன்தான் தம்பி. தள்ளுபடி போனது வட்டி. "ஒரு பைசா கடன் வாங்கியதில்லை" என்று இனி சொல்லாதீர்கள்.


பித்தளை டோக்கன் · 10 பிப்ரவரி 2025

அவர் சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் அந்தக் கடனை நீங்கள் அடைத்த ஒழுங்கு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. சீட்டு ஏறாது. அடகுக் கடை, கைமாற்று, வெள்ளிக் கட்டி கொடுத்துவிட்டு வாரக் கடைசியில் கணக்குத் தீர்க்கும் உங்கள் தொழில் கடன் எதுவும் ஏறாது. ஊரில் வாக்கு சுத்தமான ஆள் என்று நூறு பேர் சொல்வார்கள், அந்த நூறு பேரில் ஒருவரும் எழுதி அனுப்பவில்லை.


தறிச்சத்தம் · அம்மாப்பேட்டை · 11 பிப்ரவரி 2025

மகளிர் குழுக் கடன் ஏறும் அண்ணா. நானும் உங்களை மாதிரித்தான், எனக்கு எந்தப் பதிவும் இருக்காது என்று நினைத்தேன். தறிக்கு மோட்டார் வாங்கக் கடன் கேட்டபோது ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் ஏழு வரி இருந்தது! ஐந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வாரா வாரம் கட்டினோமே, அந்தச் சின்ன நிதி நிறுவனக் கடன்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக என் பெயரில். எல்லாம் முடிந்த கணக்கு, ஒரு நாள் தாமதம் இல்லை. ஒருத்தி கட்ட முடியாத வாரம் நாங்கள் நாலு பேர் சேர்த்துப் போட்டிருக்கிறோம், அந்தக் கோபமெல்லாம் அன்றைக்குத்தான் தீர்ந்தது.

அதனால் அண்ணியின் பெயரில் எடுத்துப் பாருங்கள். வீட்டில் அவர்கள் ஏட்டில் ஏதாவது இருக்கலாம்.


கடனில்லாக் கஞ்சி · 11 பிப்ரவரி 2025

நான் வேறு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடனில்லாத கஞ்சி கால் வயிறு என்பார்கள். 14 லட்சத்தை எட்டரை சதவீதத்துக்குப் பதினைந்து வருடம் வாங்கினால் மாதம் 13,800 வரும். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 24 லட்சத்து 80 ஆயிரம் கட்டுவீர்கள். நாற்பத்து மூன்று வருடம் காப்பாற்றிய வைராக்கியத்தை ஒரு மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார் என்பதற்காக ஏன் விட வேண்டும்? நான் 2009இல் மனை வாங்கினேன், 2014இல் கடைக்கால், 2018இல் தளம், 2021இல் பூச்சு. இன்றைக்கும் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. ஆனால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.


ஐந்துரோடு · 11 பிப்ரவரி 2025

ஐயா, பன்னிரண்டு வருடம் நீங்கள் கொடுத்த வாடகையையும் கூட்டிப் பாருங்கள். சிமெண்ட் மூட்டை 2009இல் என்ன விலை, 2021இல் என்ன விலை?


கடனில்லாக் கஞ்சி · 11 பிப்ரவரி 2025

வாடகை இல்லை. மாமியார் வீடு.


ஐந்துரோடு · 11 பிப்ரவரி 2025

அப்படிச் சொல்லுங்கள். அது வட்டியில்லாக் கடன்.


தட்டுவடை செட் · பெங்களூரில் சேலத்துக்காரன் · 12 பிப்ரவரி 2025

சண்டை நடக்கட்டும், நடுவில் உருப்படியாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வேலைக்குச் சேர்ந்தபோது நானும் மைனஸ் 1. கடனாளி ஆகாமல் ஏட்டில் பெயர் வாங்க ஒரு வழி இருக்கிறது: வைப்புத் தொகையை ஈடாக வைத்து வாங்கும் கிரெடிட் கார்டு. உங்கள் பணத்தையே வங்கியில் வைப்பாகப் போட்டு, அதன் பேரில் கார்டு தருவார்கள். ஈடு அவர்கள் கையில் இருப்பதால் ஸ்கோர் இல்லை என்று பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வைப்புக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். வரம்பு வங்கிக்கு வங்கி மாறும், பெரும்பாலும் வைப்பில் முக்கால் பங்கிலிருந்து தொண்ணூறு சதவீதம் வரை.

நான் செய்தது இது. 40,000 வைப்பு, 32,000 வரம்பு. அதை வைத்து ஷாப்பிங் போகவில்லை. மாதா மாதம் பெட்ரோல், கேஸ் சிலிண்டர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அம்மா வீட்டுக் கரண்ட் பில், அவ்வளவுதான். எப்படியும் கையில் இருந்து போகிற பணம். வரம்பில் முப்பது சதவீதத்துக்குள், அதாவது 9,600க்குள் நிறுத்திக்கொண்டேன். பில் வந்ததும் முழுத் தொகையும் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். வட்டியாக இதுவரை ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் ஸ்கோர் என்று ஒன்று வந்தது.

கவனிக்க வேண்டியது இரண்டு. ஏடிஎம்மில் அந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கக் கூடாது, அதற்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி. ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டா என்று கேட்டு வாங்க வேண்டும்.


கொலுசுப் பட்டறை · 12 பிப்ரவரி 2025

தம்பி, இதைப் படிக்கும்போதே வயிறு கலங்குகிறது. கார்டு வாங்கி நாசமாகப் போனவர்கள் இரண்டு பேர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பில்லில் "குறைந்தபட்சத் தொகை" என்று ஒன்று போடுவார்களே, அதை மட்டும் கட்டிக்கொண்டே இருந்தால் ஸ்கோர் நன்றாக வளரும் என்று கார்டு விற்க வந்த பையன் ஒருவன் சொன்னான். உண்மையா?


பித்தளை டோக்கன் · 12 பிப்ரவரி 2025

பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் "தாமதம்" என்று பதிவாகாது. ஆனால் மீதிக்கு வட்டி ஓடும், பாக்கி ஏறி வரம்பை நெருங்க நெருங்க ஸ்கோரும் இறங்கும்.

அந்த வட்டி எவ்வளவு என்று நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். வீட்டுக் கடன் ஒன்பது சதவீதம் என்றால் முக்கால் வட்டி. நகைக் கடன் பன்னிரண்டு என்றால் ஒரு வட்டி. கார்டுப் பாக்கி நூற்றுக்கு மாதம் மூன்றரை வட்டி வரைக்கும் போகும், வருடத்துக்கு 42 சதவீதம். உங்கள் அப்பா வாங்கிய இடத்துக்குப் பக்கத்து வீடுதான் அது, ஏசி போட்டிருக்கும், திண்ணையில் யாரும் உட்கார மாட்டார்கள்.

ஸ்கோருக்காக வட்டி கட்ட வேண்டிய அவசியம் எங்குமே இல்லை. முழுத் தொகையைத் தேதிக்குள் கட்டுகிறவனுக்கும் அதே பதிவுதான் ஏறும், இன்னும் நல்லதாகவே. தட்டுவடை சொன்ன வழியில் போங்கள்.

கார்டே வேண்டாம் என்றால் இன்னொரு வழி, வங்கியில் சின்னதாக ஒரு நகைக் கடன். அதில் நம் ஆட்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. நகைதான் அவனிடம் இருக்கிறதே என்று தவணைத் தேதியை விட்டுவிடுவார்கள். ஏல நோட்டீஸ் வந்த பிறகு மனைவியையும் கூட்டிக்கொண்டு ஓடி வருவார்கள். நகையை மீட்டுவிடுவார்கள், சரி. அதற்குள் அறுபது நாள் தாமதம், தொண்ணூறு நாள் தாமதம் என்று ஏட்டில் ஏறியிருக்கும். தொண்ணூறு தாண்டினால் வாராக் கடன். கவுண்டரில் நான் பார்த்த மோசமான ரிப்போர்ட்டுகளில் பாதி, பணம் இல்லாதவர்களுடையது இல்லை. தேதியை மதிக்காதவர்களுடையது.


மலைமிளகு · ஏற்காடு · 14 பிப்ரவரி 2025

எனக்கும் இதில் ஒரு கதை உண்டு. மலை மேல் எங்களுக்குப் பணம் வருடத்துக்கு ஒரு தடவைதான், காப்பி எடுத்து, மிளகு பறித்து முடித்தால். அதனால் மாதத் தவணைக் கடன் என்றாலே நான் வாங்க மாட்டேன். கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க் கடனோடு சரி, அதுவும் என் ரிப்போர்ட்டில் வரவே இல்லை.

ஆனால் 2017இல் சித்தப்பா மகன் சரக்கு வண்டி வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அரை மணி நேர வேலை, ஒரு டீ. அவன் இரண்டு வருடம் கட்டினான், கொரோனாவில் வண்டி நின்றது. நிதி நிறுவனத்தோடு பேசி, கேட்ட தொகையில் 38,000 குறைத்துக் கட்டி "செட்டில்மெண்ட்" முடித்துவிட்டான். எங்களுக்கெல்லாம் சந்தோஷம், கோழி அடித்தோம்.

2023இல் நான் ஒரு பழைய ஜீப்புக்குக் கடன் கேட்டபோது ஸ்கோர் 580. என் பெயரில் கடனே இல்லையே என்று சண்டை போட்டேன். ரிப்போர்ட்டில் அந்த வண்டிக் கடன் "ஜாமீன்தாரர்" என்று என் பெயரில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் "செட்டில்டு". மாதம் மாதமாகத் தாமதக் கட்டங்கள்.


பித்தளை டோக்கன் · 14 பிப்ரவரி 2025

1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது, கடன்காரனுக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரனுக்கும் அவ்வளவு. கையெழுத்துப் போடும்போது இதை யாரும் உரக்கப் படித்துக் காட்டுவதில்லை. நானும் காட்டியதில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

"செட்டில்டு" என்பது நம் காதுக்கு நல்ல வார்த்தை. வங்கிக்காரன் கண்ணுக்கு "முழுதாகக் கட்டவில்லை, விட்டுக்கொடுத்தோம்" என்று தெரியும். அப்புறம் என்ன செய்தீர்கள்?


மலைமிளகு · 15 பிப்ரவரி 2025

அந்த நிறுவனத்துக்கே போய், விட்டுக்கொடுத்த 38,000ஐயும் நாங்கள் கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். முதலில் அவர்களுக்கே புரியவில்லை, முடிந்த கணக்குக்கு எதற்குப் பணம் என்றார்கள். நான்கு தடவை மலை இறங்கினேன். கட்டி ரசீது வாங்கி, பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வாங்கி, நிலையை "முடிந்தது" என்று மாற்றி அனுப்பும்படி கடிதம் கொடுத்து, அதன் நகலில் சீல் வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் "செட்டில்டு" போய் "குளோஸ்டு" ஆனது. தாமதக் கட்டங்கள் போகவில்லை, அவை நடந்த உண்மை. ஸ்கோர் மெதுவாகத்தான் ஏறியது, இப்போது 690 சொச்சம். பாதிப் பணம் சித்தப்பா மகன் கொடுத்தான், மீதிப் பாதி இன்னும் பேச்சில் இருக்கிறது.


ஐந்துரோடு · 15 பிப்ரவரி 2025

பஸ் ஸ்டாண்டு பக்கம் தூணில் ஒட்டியிருக்கிறார்களே, "சிபில் ரிப்பேர், ஏழு நாளில் 750" என்று, அவர்களிடம் போயிருக்கலாமே. என் அக்கா வீட்டுக்காரர் 15,000 கொடுத்தார். ஃபோன் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.


பித்தளை டோக்கன் · 15 பிப்ரவரி 2025

உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தப்பான பதிவை நீங்களே இலவசமாகத் திருத்தலாம். அந்த இரண்டுக்கும் நடுவே அவர்களுக்கு என்ன வேலை? பான் எண்ணும் ஓடிபியும் கொடுத்தால் உங்கள் பெயரில் புதுக் கடன் ஒன்று முளைக்கும், அதுதான் மிச்சம்.


கொலுசுப் பட்டறை · 23 பிப்ரவரி 2025

ஐயா, நான்கு ரிப்போர்ட்டும் எடுத்துவிட்டேன். கை நடுங்குகிறது. மூன்றில் ஒன்றுமே இல்லை, நான் போட்ட மூன்று விண்ணப்பங்களின் விசாரணை மட்டும். நான்காவதில் ஒரு பர்சனல் லோன்! 60,000 ரூபாய், 2021. தொண்ணூறு நாளுக்கு மேல் தாமதம். நான் வாங்கவே இல்லை. பெயர் என் பெயர், பிறந்த தேதி என்னுடையது, முகவரி வேறு மாவட்டம். எனக்குப் பதிலே தராத அந்த வங்கி இதைத்தான் பார்த்திருக்க வேண்டும். நாற்பத்து மூன்று வருடம் கடன் வாங்காமல் இருந்து கடைசியில் வாராக் கடன்காரன் ஆகிவிட்டேன்.


பித்தளை டோக்கன் · 23 பிப்ரவரி 2025

நல்லதாகப் போயிற்று, வீடு பதிவுக்கு முன்னால் தெரிந்தது. நிதானமாகப் பாருங்கள். அந்தக் கடனுக்கு எதிரே இருக்கும் பான் எண் உங்களுடையதா?


கொலுசுப் பட்டறை · 23 பிப்ரவரி 2025

இல்லை. நடுவில் இரண்டு எழுத்து வேறு.


பித்தளை டோக்கன் · 23 பிப்ரவரி 2025

அப்படியானால் மோசடி இல்லை, ஒரே பெயரும் பிறந்த தேதியும் உள்ள இன்னொருவரின் கணக்கு உங்கள் ஏட்டில் கலந்திருக்கிறது. நம் ஊரில் இனிஷியலை ஒருவர் முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார், மூன்றாமவர் அப்பா பெயரை விரித்து எழுதுவார். இந்தக் குழப்பம் சகஜம்.

அந்தத் தகவல் நிறுவனத்தின் இணையதளத்தில் "தகராறு" பதிவு செய்யுங்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் தனியாக எழுதுங்கள், ஏனென்றால் அவர்கள் சரி என்று சொல்லாமல் தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது. பான், ஆதார் நகல் போதும். புகார் எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள், அந்தத் தேதிதான் உங்கள் ஆயுதம். பதில் சொல்லக் கடன் கொடுத்தவருக்கு 21 நாள், புகாரைத் தீர்த்து முடிக்க மொத்தமாக 30 நாள். அதைத் தாண்டினால் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு நஷ்ட ஈடு தர வேண்டும், 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், 2022 செப்டம்பரிலிருந்து தகவல் நிறுவனங்களும் அந்த வரம்புக்குள் வந்துவிட்டன. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்.

அந்த 60,000ஐ நீங்களே கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று யாராவது ஃபோனில் சொன்னால் கட்டாதீர்கள். கட்டினால் உங்கள் கடன் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.


கடனில்லாக் கஞ்சி · 24 பிப்ரவரி 2025

இந்த இழையைப் படித்துவிட்டு நானும் நான்கையும் எடுத்தேன். ஒன்றும் இல்லை, சுத்தம். கடன் வாங்காதவனும் வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருக்கிறது, பூட்டிய வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி. அதற்கு மேல் நான் இறங்கி வர மாட்டேன்.


கொலுசுப் பட்டறை · 27 மார்ச் 2025

இருபத்தேழாவது நாள் அந்தப் பதிவு நீங்கிவிட்டது. நூறு ரூபாய் நஷ்ட ஈட்டுக்கு ஆசைப்பட்டேன், மூன்று நாளில் தப்பிவிட்டார்கள்.

வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். தெரிந்தவர், வருடக் கடைசி வரை பொறுக்கிறேன் என்று இரண்டு லட்சம் முன்பணத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். 50,000 வைப்புப் போட்டு கார்டுக்கும் விண்ணப்பித்துவிட்டேன். கார்டு வந்ததும் அதைப் பட்டறைப் பீரோவில் வெள்ளிக் கட்டியோடு வைத்துப் பூட்டப் போகிறேன்.


தட்டுவடை செட் · 27 மார்ச் 2025

பூட்டி வைத்தால் ஏட்டில் என்ன ஏறும்? மாதம் ஒரு பெட்ரோலாவது போடுங்கள் அண்ணா.


தறிச்சத்தம் · 29 ஆகஸ்ட் 2025

இந்த இழையை மேலே கொண்டுவருகிறேன். இந்த மாதம் மக்களவையில் நிதித்துறை இணை அமைச்சர் பதில் சொல்லியிருக்கிறார், முதல் தடவை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தைக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று. குறைந்தபட்சம் இத்தனை ஸ்கோர் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எதையும் வைக்கவில்லையாம். பட்டறை அண்ணா, அந்த மேனேஜரிடம் போய்க் காட்டுங்கள்!


பித்தளை டோக்கன் · 29 ஆகஸ்ட் 2025

ஆமாம், 2025 ஜனவரி 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கி உத்தரவை வைத்துச் சொன்ன பதில். காட்டலாம். ஆனால் கட்டாயம் கடன் கொடு என்று அதில் இல்லை. வருமானம், சொத்து, மற்றதையெல்லாம் பார்த்து முடிவு செய்வது இன்னும் வங்கி கையில்தான். "மைனஸ் 1, போய் வாருங்கள்" என்று ஒரு வார்த்தையில் அனுப்பினால் மட்டும், காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கலாம். எழுத்தில் கேட்டாலே பாதிப் பேர் ஃபைலை மறுபடி திறப்பார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.


கொலுசுப் பட்டறை · 8 நவம்பர் 2025

எல்லோருக்கும் வணக்கம். ஆடித் திருவிழா, தீபாவளி என்று ஓடிவிட்டது. வெள்ளி கிலோ ஒன்றரை லட்சத்தைத் தாண்டிப் போனதில் ஆர்டரும் குறைந்து, பட்டறை பாதி நாள்தான் ஓடுகிறது.

கார்டு ஏப்ரலில் வந்தது. மாதம் 3,000த்துக்கு மேல் போடவில்லை. அக்டோபர் கடைசியில் ஸ்கோர் வந்தது, 741. அந்த எண்ணைப் பார்த்து நான் ஏன் சந்தோஷப்பட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

பழைய வங்கிக்கே போனேன். மேனேஜர் மாறிவிட்டார். ஆறு வருட வரிக் கணக்கு, ஜிஎஸ்டி, 741, பிழை நீங்கிய ரிப்போர்ட், எல்லாம் ஒரே ஃபைலில். 14 கேட்டேன், வருமானத்தைப் பார்த்து 12 லட்சம் தருகிறோம் என்றார்கள். மீதி இரண்டுக்கு வீட்டில் இருந்த நகையை விற்றோம். அடகு வைக்கலாம் என்று மனைவி சொன்னாள், நான் கேட்கவில்லை. எட்டரை சதவீதம், பத்து வருடத்தில் முடிக்கப் பார்க்கிறேன். அடுத்த வாரம் பதிவு.


கடனில்லாக் கஞ்சி · 8 நவம்பர் 2025

வாழ்த்துகள். பத்து வருடம் நல்ல முடிவு. கையில் கொஞ்சம் சேரும்போதெல்லாம் அசலில் கட்டுங்கள், மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. கிருகப்பிரவேசத்துக்குக் கூப்பிடுங்கள், வருகிறேன்.


கொலுசுப் பட்டறை · 8 நவம்பர் 2025

கட்டாயம் வாருங்கள் ஐயா. இப்போது கார்டை வெட்டிப் போட்டுவிடலாமா? வேலை முடிந்ததே.


பித்தளை டோக்கன் · 9 நவம்பர் 2025

வெட்டாதீர்கள். உங்கள் ஏட்டில் இருக்கும் பழைய கணக்கே அதுதான், ஏழு மாத வயது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புது வீட்டுக் கரண்ட் பில்லை அதில் கட்டுங்கள், போதும்.


கொலுசுப் பட்டறை · 9 நவம்பர் 2025

சரிங்க ஐயா. கடைசியாக ஒன்று. தறிச்சத்தம் தங்கச்சி சொன்னபடி அன்றைக்கே மனைவி பெயரிலும் எடுத்தோம். அவளுக்கும் மைனஸ் 1. நேற்று இந்த ஃபைலைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.


தறிச்சத்தம் · 9 நவம்பர் 2025

அண்ணி பெயரில், அண்ணி கணக்கில், 20,000 வைப்பு. நாளைக்கே. ஓடிபி அண்ணியின் ஃபோனுக்கு வர வேண்டும், உங்கள் ஃபோனுக்கு இல்லை.